பாதி தேய்த்த டாலர்

"தேய்ச்ச வெள்ளிக்குப் பழைய நிறம் திரும்ப வருமா, டீச்சர்?"

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் தில்லைநாயகம் கேட்டார்.

ரஹீமா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வரும்."

"எத்தனை நாள்ல?"

"முப்பது வருஷம். நல்ல கடல்காத்து பட்டா இருபத்தஞ்சு."

தில்லைநாயகத்துக்கு வயது அறுபத்தொன்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

ரஹீமாவுக்கு முப்பத்தெட்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் எடுத்ததில்லை. நாகூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, பழைய வெள்ளிக்காசுகளைப் பார்த்து நல்லதா போலியா என்று சொல்வது அவள் தொழில். அவளைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர் அவளை டீச்சர் என்று கூப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, தில்லைநாயகம் சுங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். அவள் கொண்டுவந்த ஒரு காசைப் பார்த்ததும் போலி என்றார். அவள் வாதாடவில்லை. அந்தக் காசை எடுத்து அவர் மேசைமேல் சுண்டிவிட்டாள். பிறகு, நல்ல காசு இப்படி இருக்கும் என்று காட்ட அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்த காசையும் சுண்டிவிட்டாள்.

ஒன்று மணி மாதிரி பாடியது. மற்றது தகர டப்பா மாதிரி விழுந்தது. பாடியது அவளுடையது.

மறுநாள் சாயங்காலமே அவர் இந்த மாடிப்படியை ஏறிவிட்டார். மனிதருக்குத் தலைக்கனம் உண்டு, ஆனால் கற்றுக்கொள்ள வெட்கப்படுகிறவர் இல்லை. ஒன்று மட்டும் செய்யவில்லை. அந்த மேசைக் கதையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவர் எப்போதும் சொல்வது வேறு. "முப்பத்துநாலு வருஷ சர்வீஸ். என் கண்ணுல மண்ணைத் தூவினவன் ஒருத்தன் கிடையாது."

"காசை எடுங்க அண்ணே," என்றாள் ரஹீமா.

அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். எடுத்தாரே தவிர, பிரிக்கவில்லை.

அது என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க வியாபார டாலர். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில், கீழ்த்திசை நாடுகளோடு வியாபாரம் செய்வதற்கென்றே அமெரிக்கர்கள் அடித்த பெரிய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் சரக்கு மூட்டைமேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஒரு பெண். மறுபக்கம் கழுகு.

சீனக் கடைக்காரர்கள் லேசில் எதையும் நம்பமாட்டார்கள். கைக்கு வந்த டாலரைச் சோதித்துப் பார்ப்பார்கள். வெள்ளி சரியாக இருந்தால் தங்கள் கடை எழுத்தை அதன்மேல் குத்தி, அடுத்தவர் கைக்கு விடுவார்கள். பல கைகள் மாறிய காசு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும்.

ரஹீமாவுக்கு அந்தக் குத்துகள் பிடிக்கும். அவருக்கு ஆகாது. குத்தே விழாத காசுதான் வேண்டும் என்பார். அதிலும் 1878-இல், கார்சன் சிட்டி என்ற ஊரில் அடித்ததுதான் வேண்டும். அந்த வருடம் அங்கே அடித்ததில் கிட்டத்தட்டப் பாதியை அப்போதே உருக்கிவிட்டார்களாம். மிஞ்சியவை உலகம் முழுவதும் சிதறிக் கிடந்தன.

பதினோரு வருடம் தேடினார். போன தை மாதம் ஒரு காசுக் கண்காட்சியில், எங்கிருந்தோ வந்த ஒரு வியாபாரியிடம் கிடைத்தது. குத்து ஒன்றுகூட இல்லை. நூற்றைம்பது வருடக் கருமை மேனி முழுக்கப் படிந்திருந்தது. ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பெரும்பகுதியை நீட்டிவிட்டு வாங்கி வந்தார். டீச்சரைக் கேட்கவில்லை. வாங்கிய பிறகு காட்டவும் இல்லை. காட்டினால் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

ஆக, ரஹீமா அதை முதல்முறையாக இப்போதுதான் பார்க்கப்போகிறாள்.

"யார் தேச்சது?"

"என் சம்சாரம்தான்."

"எதை வச்சு?"

"விபூதி. சரஸ்வதி பூஜைக்கு வீட்டு வெள்ளிச் சாமான் எல்லாத்தையும் விபூதி வச்சுத் தேய்ப்பா. இந்த வருஷம் என் லென்ஸையும் காசையும் சாமிகிட்ட வைக்கணும்னு நெனைச்சிருக்கா. கறுத்துக் கிடக்கேன்னு தேச்சுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தொட்டுட்டியேன்னு ஒரு வார்த்தை. அதோட சரி. நாப்பது நாள் ஆச்சு, பேசலை."

"அவங்க?"

"அவளும் பேசலை. ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கலை, டீச்சர். அதுதான் எனக்குத் தாங்கலை. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஒசூர்ல மகன் வீடு இருக்கு. இனிமே அங்கேதான். பெட்டியும் கட்டிட்டேன்."

"அவங்க வரலையா?"

"நான் மட்டும்தான்."

அன்று வியாழக்கிழமை.

ரஹீமா டீ கிளாஸை வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மூட்டைமேல் உட்கார்ந்த பெண் நேற்று வாங்கிய கிண்ணம் மாதிரி பளபளத்தாள். தில்லைநாயகம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு அப்புறம் நீங்க இதைப் பார்த்தீங்களா?"

"மனசு வரலை. இந்த மூஞ்சி பளபளன்னு நின்னதைப் பார்த்தேன். அப்படியே துணியில சுத்திட்டேன்."

ரஹீமா காசைத் திருப்பினாள். லென்ஸைக் கண்ணில் வைத்துக் கழுகைப் பார்த்தாள். கீழே யாரோ ஒருவர் கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுத்து, விலை பேசி, வாங்கிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டீ சாஸரை எடுத்துக் காசின்மேல் கவிழ்த்துவிட்டாள்.

"அண்ணே. இந்தப் பக்கம் பாதிதான் தேச்சிருக்காங்க."

"பாதியா?"

"பாதி."

"நான் வந்துட்டேன்ல, அதனால விட்டிருப்பா."

"நீங்க வரும்போது தேச்சுக்கிட்டா இருந்தாங்க?"

அவர் யோசித்தார். "இல்லை. காசு சாமிகிட்ட இருந்துச்சு. அவ சுண்டல் தாளிச்சுக்கிட்டிருந்தா."

"அப்ப நீங்க வந்ததால நிறுத்தலை."

"வேற ஏன் நிறுத்தினா?"

"அதைக் கேட்டுட்டு வாங்க."

"நான் அவகூடப் பேசுறதில்லைன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"கேட்டுட்டு வாங்க," என்றாள் ரஹீமா. "காசு இங்கேயே இருக்கட்டும்."

*

நாகப்பட்டினத்தில் அவர் வீடு. டவுன் பஸ்ஸில் போய் இறங்கும்வரை அவர் ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனார். நாற்பது நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பது லேசில்லை.

மங்கையர்க்கரசி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் கூடத்தில் நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் காசுல ஒரு பக்கம் ஏன் பாதியில விட்டுட்டே?"

தண்ணீர் சத்தம் நின்றது.

"கை வலிச்சுது," என்றாள் அவள்.

அந்தக் குரலுக்காக நாற்பது நாள் ஏங்கியிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காலண்டரிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

*

வெள்ளிக்கிழமை.

"கை வலிச்சுதாம், டீச்சர்."

ரஹீமா அலமாரியிலிருந்து கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கரண்டியையும், ஒரு பொட்டலம் சாம்பலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தேய்ங்க."

"எதுக்கு?"

"கை வலிக்கிற வரைக்கும்."

காசு சேர்ப்பவனைப் பார்த்து வெள்ளியைத் தேய் என்பது சைவப் பிள்ளையைப் பார்த்து மீனை அரி என்பதுபோல. அவர் கூசிக்கொண்டுதான் ஆரம்பித்தார். கால்மணி நேரம் ஆயிற்று. கரண்டியின் குழி பளிச்சென்று ஆனது. காம்புப் பக்கம் போகப் போகக் கை தளர்ந்தது. கடைசியில் விரல்களை உதறினார்.

"வலிக்குது."

"எங்கே நிறுத்தினீங்கன்னு காட்டுங்க."

அவர் கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். நிறுத்திய இடம் என்று ஒன்று இல்லை. பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, எங்கேயோ கருமையோடு கலந்துவிட்டிருந்தது.

ரஹீமா ஒரு காகிதத்தில் சின்னதாகச் சன்னல் வெட்டினாள். சாஸருக்கு அடியில் கைவிட்டு, காகிதத்தைக் காசின்மேல் பொருத்தி, சாஸரை எடுத்தாள். சன்னல் வழியாக ஒரு நகம் அளவுக்குத்தான் காசு தெரிந்தது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு. நடுவில் கத்தியால் நறுக்கினமாதிரி ஒரு கோடு.

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் படித்தவர் ஆயிற்றே.

"கை ஓஞ்சு நிறுத்தினது இல்லை இது."

"பின்னே?"

"நல்ல வேகத்துல போய்ட்டு, டக்குன்னு நின்னிருக்கா. எதையோ பார்த்திருக்கா."

"எதை?"

அவர் காகிதத்தை விலக்கக் கை நீட்டினார். ரஹீமா சாஸரை மறுபடி கவிழ்த்துவிட்டாள்.

"பார்த்தது நீங்க இல்லையே அண்ணே. பார்த்தவங்ககிட்டக் கேளுங்க."

*

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி கூடத்தில் செய்தித்தாளைப் பரப்பி, பித்தளை விளக்குகளைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய பெட்டி வாசலோரம் இருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே வரவேண்டியிருந்தது.

இந்தமுறை அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு விளக்கை எடுத்தார். கொஞ்சம் புளியும் எடுத்தார்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு விளக்கைத் தேய்த்து அவள் கண்டதில்லை.

"திரியிடுற இடத்துல விரலை விட்டுத் தேய்க்கணும்," என்றாள்.

அவர் விரலை விட்டுத் தேய்த்தார். மூன்று விளக்கு முடிந்தது.

"மங்கை. அன்னைக்கு என்ன பார்த்தே?"

"எதுல?"

"காசுல. எதையோ பார்த்துத்தான் நிறுத்தியிருக்கே."

"ஒண்ணும் பார்க்கலை. தாளிப்பு கருகுற வாசனை வந்துச்சு. எந்திரிச்சு ஓடிட்டேன்."

"கை வலிச்சுதுன்னு சொன்னே."

"வலிக்கவும் செஞ்சுது."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. முப்பத்துநாலு வருடம் கப்பல் கப்பலாக ஏறிப் பொய்யைத் தேடியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் பொய் சொன்னவர்கள் யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் கண்ணில் தங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கும். இவள் கண்ணில் இருந்த பயம் அவளைப் பற்றியது இல்லை. அது அவருக்குப் புரிந்தது. பிறகு யாரைப் பற்றியது என்பதுதான் புரியவில்லை.

*

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

"பொய் சொல்றா, டீச்சர்."

"யாருக்காக?"

அவர் மேசையில் கவிழ்ந்திருந்த சாஸரைப் பார்த்தார்.

"நீங்க பார்த்துட்டீங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும்."

"அப்ப நீங்களே சொல்லிடலாமே. நாளைக்குப் பஸ்."

"நான் சொன்னா உங்களுக்குக் காசைப் பத்தி மட்டும்தான் தெரியும்."

அவருக்குக் கோபம் வந்தது. டீச்சரிடம் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை என்று பன்னிரண்டு வருடத்தில் கற்றிருந்ததால் அதை விழுங்கினார்.

ரஹீமா காசைப் பழைய துணியிலேயே பொதிந்து, நூலால் கட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க பிரிக்காதீங்க. அவங்க பிரிக்கட்டும்."

"அவ பிரிக்கமாட்டேன்னா?"

"உங்க லென்ஸை அவங்க கையில குடுத்துப் பாருங்க."

*

மங்கையர்க்கரசி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். மேலே லென்ஸை வைத்தார். அந்த லென்ஸை அவர் மகன்கூடத் தொடக் கூடாது.

"நீயே பிரி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நூலை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாமே," என்றாள்.

"எனக்குத் தெரியணும், மங்கை."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"தெரியலைன்னா நாளைக்கு நான் பஸ் ஏறிடுவேன். ஏன் போறேன்னுகூட ஒழுங்காத் தெரியாமப் போவேன்."

அவள் காசைக் கழுகுப் பக்கமாகத் திருப்பி, லென்ஸோடு சேர்த்து அவரிடம் நீட்டினாள். சிறகுக்குக் கீழே ஓர் இடத்தை விரலால் காட்டினாள்.

அவர் பார்த்தார். தேய்ப்பு நின்ற கோட்டுக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு கறுப்புப் பொட்டு. பழைய கருமை வறண்டிருக்கும். இது எண்ணெய்ப் பிசுக்காக மினுங்கியது.

"இது என்ன?"

அவள் ஈரத்துணியின் முனையால் அந்த இடத்தை ஒற்றி எடுத்தாள். கறுப்பு துணிக்கு வந்துவிட்டது.

"மை," என்றாள். "என் கண்மை."

அவர் மறுபடி பார்த்தார். மை இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் ஒரு சீன எழுத்து. எழுத்தின் மூலையில் இன்னும் கொஞ்சம் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெந்நீர்ல போட்டுத்தான் தேச்சேன்," என்றாள் அவள். "பொம்பளைப் பக்கம் நல்லா வந்துச்சு. இந்தப் பக்கம் பாதி போனதும் என்னமோ பேந்து வந்துச்சு. எடுத்து நசுக்கிப் பார்த்தேன். மெழுகு. கீழே ஓட்டை. நீங்க ஆகாதும்பீங்களே, அந்தக் குத்து."

அவள் அதற்கு மேல் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு யாரோ ஒரு கடைக்காரர் இந்த டாலரைக் கையில் வைத்துப் பார்த்து, நல்ல வெள்ளிதான் என்று நம்பித் தன் எழுத்தைக் குத்தியிருக்கிறார். பிறகு வந்த ஒருவன் மெழுகில் வெள்ளித்தூளைக் குழைத்து அதை அடைத்து, மேலே கறுப்பு பூசி, குத்தே விழாத காசு என்று விலை சொல்லியிருக்கிறான். பதினோரு வருடம் தேடியவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாங்கி வந்திருக்கிறார்.

தில்லைநாயகம் லென்ஸை இறக்கினார். அவமானமாக இருந்தது. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் துணியில் இருந்த கறுப்பைப் பார்த்தார்.

"காசுக்கு மை வச்சு விட்டியா?"

"வேற என்ன இருந்துச்சு கையில?"

"திருஷ்டிப் பொட்டு மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவருக்கும் வந்தது. அவரால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த தண்ணீர் பாதி, வேறு பாதி.

"நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அவள்.

"அது கிடக்கு. நீ சொல்லு. அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னைக்கே."

"நான் தொட்டுட்டியேன்னு கத்தினப்போ?"

"அப்பவும் தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே முடிஞ்சிருக்குமே. 'நான் தேச்சதால கெடலை, நீங்க வாங்கும்போதே அது கெட்டது'ன்னு நீ சொல்லியிருக்கலாமே. நாப்பது நாள், மங்கை. பெட்டிகூடக் கட்டிட்டேன். உன் கண்ணு முன்னாலதானே கட்டினேன். ஏன் சொல்லலை?"

மங்கையர்க்கரசி மைக்கறை பட்ட துணி முனையை மடித்து உள்ளே வைத்தாள்.

"என் மேல வர்ற கோவம் உங்களுக்கு என்னைக்காவது ஆறிடும்னு தெரியும். உங்க மேலயே உங்களுக்குக் கோவம் வந்தா, அது ஆறாதே. அதான்."